மூணாம் பக்கத்து மெட்டு

பியானோ கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் முதல் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். சோலைமலை மட்டும் மூணாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

முப்பத்து நாலு வருஷம் ரயில் ஓட்டிய மனுஷர். ரிட்டயர் ஆன மறுவாரமே எப்சிபா டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார். மதுரை ரயில்வே காலனிக்குப் பின்தெருவில் இருக்கிறது அந்த வீடு. அப்போது டீச்சருக்கு வயது நாற்பது, சிஷ்யருக்கு அறுபது. தெருவில் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அவருக்கென்ன!

"எனக்கு ஒரே ஒரு பாட்டு போதும் டீச்சர். தேன்மொழி வாசிச்சாளே, அது. அதுலயும் கடைசிப் பக்கம் மட்டும் சொல்லிக் கொடுத்தாப் போதும்."

தேன்மொழி அவர் மகள். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. எப்சிபா டீச்சரிடம் ஆறு வருஷம் படித்தவள். பத்தொன்பதாவது வயதில், ஆறே நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

டீச்சர் கதவை அகலத் திறந்தார்.

"உள்ள வாங்க சார்."

அந்தப் பாட்டு, சொனாட்டா என்கிற நீளமான பியானோ இசை ஒன்றில் வருகிற பகுதி. இருநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு குளிர் தேசத்தில் எழுதியது. மூணே பக்கம். முதல் பக்கத்தில் கறாரான ஒரு மெட்டு வரும். அது முடிந்ததும், ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இன்னொரு மெட்டு வரும். அது மேஜரில் இருக்கும், தெளிந்த சுரம். இரண்டாம் பக்கத்தில் இரண்டு மெட்டும் துண்டு துண்டாக உடைந்து எங்கெங்கோ அலையும். மூணாம் பக்கத்தில் இரண்டும் வீடு திரும்பும். ஆனால் அந்தத் தெளிந்த மெட்டு திரும்பி வரும்போது மைனரில் வரும். அதே மெட்டுதான், அதே நடைதான், முகம் மட்டும் வாடியிருக்கும்.

சோலைமலைக்கு மூணாம் பக்கம் விரலில் உட்கார ஒன்றரை வருஷம் பிடித்தது. இரண்டாம் பக்கத்துக்கு ஒரு வருஷம். எஞ்சினைப் பின்பக்கமாக எடுக்கிற மாதிரி ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் வந்து, மூணாவது வருஷம் ஐப்பசியில்தான் முதல் பக்கத்தைத் தொட்டார்.

அன்றைக்கு நல்ல மழை. ஈரத்தில் கட்டைகள் இறுகிக்கொள்ளாமல் இருக்க, டீச்சர் பியானோவின் வயிற்றுக்குள் சின்ன பல்பு ஒன்றை எரியவிட்டிருந்தார். சோலைமலை வாசித்தார். கறாரான மெட்டு சுமாராக வந்தது. அடுத்த மெட்டில் நுழைந்தார்.

"நிறுத்துங்க சார்."

நிறுத்தினார்.

"இது மேஜரா, மைனரா?"

"மேஜர் டீச்சர்."

"அப்புறம் ஏன் இந்த இழுவை?"

"இழுக்கலையே! எழுதியிருக்கிறபடிதான் வாசிக்கிறேன்."

"சுரத்துல தப்பில்ல. பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டுறீங்க."

சோலைமலைக்கு ரோஷம் வந்துவிட்டது. எது சொன்னாலும் பொறுத்துக்கொள்வார், வண்டி ஓட்டுவதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் மட்டும் மனுஷருக்கு ஆகாது.

"டீச்சர், எங்க வேலையில ஒரு முறை இருக்கு. எந்தத் தடமானாலும் முதல்ல சும்மா ஏறி உட்கார்ந்து நாலஞ்சு தடவை போய் வரணும். எங்க வளைவு, எங்க ஏத்தம், எங்க பாலம்னு மனப்பாடமாகணும். அதுக்கப்புறம்தான் வண்டியைக் கையில குடுப்பாங்க. சமயநல்லூர் தாண்டும்போதே சோழவந்தானுக்குக் கை தயாராயிரும். இந்தப் பாட்டோட கடைசி எப்படின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சவன் எப்படி டீச்சர் இங்க விட்டு ஓட்டுவான்?"

"உங்களுக்குத் தெரியும் சார். இந்த மெட்டுக்குத் தெரியாதே."

"மெட்டுக்கு என்ன தெரியும், தெரியாது! கட்டையை அழுத்தினா சத்தம் வருது, அவ்வளவுதானே?"

"திரும்ப வாசிங்க."

திரும்ப வாசித்தார். இந்தத் தடவை இன்னும் மோசம். நல்ல வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது. பாதியில் அவரே கையை எடுத்துவிட்டார்.

"டீச்சர், மூணு வருஷமா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன்."

"கேளுங்க."

"அன்னிக்கு நான் வரலேன்னுதானே தேனு அப்படி அழுது வாசிச்சா?"

அன்றைக்கு என்றால், ஏழு வருஷத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை. வருஷா வருஷம் டீச்சர் தன் வீட்டு முன்ஹாலில் நாற்காலி போட்டுப் பிள்ளைகளை வாசிக்க வைப்பார், பெற்றவர்கள் வந்து கேட்பார்கள். அந்த வருஷம் கடைசியாக வாசிக்க வேண்டியவள் தேன்மொழி. அஞ்சு மணிக்கு அவள் முறை. சோலைமலைக்கு அன்று ஓய்வு. காலையில் கூட வேலை செய்கிறவர் ஒருவர் போன் பண்ணி, 'அண்ணே, எனக்குப் பதிலா இந்தத் தூத்துக்குடி கூட்ஸை மட்டும் எடுத்துட்டு வந்துருங்கண்ணே' என்றார். இல்லை என்று சொல்லத் தெரிந்தால்தானே! மூணரைக்கெல்லாம் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுச் சரி என்றுவிட்டார்.

திருப்பரங்குன்றம் வரைக்கும் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அங்கே ஸ்டேஷனில் பக்கத்துத் தடத்துக்கு ஒதுக்கிச் சிவப்பு போட்டுவிட்டார்கள். பின்னால் வந்த எக்ஸ்பிரஸுக்கெல்லாம் வழிவிட்டு, நிலக்கரி வண்டி ஒன்றரை மணி நேரம் நின்றது. எஞ்சினில் உட்கார்ந்து மலையையும் கைக்கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார் சோலைமலை. ஹாரனை அடித்தால் சிக்னல் விழுமா என்ன!

வண்டியை ஒப்படைத்துவிட்டு, கரி படிந்த உடுப்போடு ஓட்டமும் நடையுமாக டீச்சர் வீட்டுக்கு வந்தார். காலில் டியூட்டி ஷூ. லேஸை அவிழ்க்கப் பொறுமை இல்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே மகள் முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தாள். மூணாம் பக்கம். அந்த வாடிப்போன மெட்டு. அதைத்தான் கேட்டார். அது முடிந்தது, எல்லாரும் கை தட்டினார்கள்.

"வந்துட்டியாப்பா," என்று ஓடி வந்தாள் தேன்மொழி.

"ஏண்டா இவ்வளவு சோகமா ஒரு பாட்டு?"

"முதல்லேர்ந்து கேட்டிருந்தா அப்படிச் சொல்ல மாட்டே. இன்னொரு நாள் முழுசா வாசிச்சுக் காட்டுறேன்."

"பார்ப்போம்டா," என்றார் சோலைமலை.

அதற்கப்புறம் எட்டு மாசம் இருந்தாள் தேன்மொழி. எட்டு மாசத்தில் ஒரு சனிக்கிழமை கிடைக்கவில்லை அவருக்கு. அதுதான் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அந்தக் கேள்வியைத்தான் இப்போது டீச்சர் முன்னால் வைத்தார். டீச்சர் எழுந்து போய், பியானோவுக்குள் எரிந்த பல்பு சூடாகிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தார்.

"மூணாம் பக்கத்துல ஆரம்பிக்கிறேன்னு நீங்க சொன்னப்ப, சரின்னு விட்டது என் தப்பு சார்," என்றார். "அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க. தேன்மொழி அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

"அவளையா? அவ எதுக்கு டீச்சர்?"

"வரும்போது உங்க டியூட்டி ஷூவைப் போட்டுட்டு வாங்க."

சோலைமலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தார்.

வீட்டுப் படியில் கால் வைக்கும்போதே கீழ்வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பஞ்சவர்ணத்தின் குரல். அவர் மனைவிதான். கீழ்வீட்டுச் செல்லத்தாயிடம் எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் 'தேனு' என்ற பேர் காதில் விழுந்தது. இவர் தலை தெரிந்ததும், விசிறியை நிறுத்திய மாதிரி சிரிப்பு நின்றுபோனது. பஞ்சவர்ணம் எழுந்து, பின்னாலேயே மாடி ஏறி வந்தாள்.

"என்ன பேசிட்டிருந்தே?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

"அவ பேர் கேட்டுச்சு."

"கேட்டா? உடனே கண்ணைத் துடைக்க ஆரம்பிப்பீங்க. அதுக்குத்தான் சொல்றதில்ல." துண்டை எடுத்து அவர் தலையில் போட்டாள். "இந்த வீட்டுல அவளை நினைச்சு அழ ஆள் இருக்கு. நினைச்சுச் சிரிக்க ஆள் இல்ல. அதுக்குத்தான் கீழ்வீட்டுக்குப் போறேன்."

சோலைமலை தலையைத் துவட்டிக்கொண்டே நின்றார்.

"இன்னொண்ணும் சொல்லிப்புடறேன். கார்த்திகையில அவ நாள் வருது. இந்தத் தடவை நான் இங்க இருக்க மாட்டேன். கரூருக்கு, எங்கக்கா வீட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவே?"

"பார்ப்போம்."

அந்த ஒரு வார்த்தை நேராகப் போய் அவர் நெஞ்சில் இறங்கியது. பஞ்சவர்ணம் வேண்டுமென்று சொல்லவில்லை, பாவம். அவளுக்கு அந்த வார்த்தையின் கதை தெரியாது.

"டீச்சர் உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. சனிக்கிழமை."

"எதுக்கு? ரெண்டு பேரும் ஜோடியா உட்கார்ந்து அழவா?"

"தெரியல வர்ணம். வாயேன்."

அவர் அப்படிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. பஞ்சவர்ணம் வேறு பேச்சுப் பேசாமல் அடுப்படிக்குப் போனாள். சனிக்கிழமை நாலு மணிக்கெல்லாம் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

பரண்மேல் கிடந்த ஷூவை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டார் சோலைமலை. தோல் காய்ந்து பாறையாகியிருந்தது. நடந்தால் காலைக் கடித்தது.

டீச்சர் வீட்டு முன்ஹாலில் முன்வரிசையில் இரண்டே நாற்காலி போட்டிருந்தது. பஞ்சவர்ணம் வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் போய் இடது பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை. தேன்மொழி வாசித்த அன்றைக்கு அவள் உட்கார்ந்த இடம் அது.

சோலைமலையும் பின்னாலேயே போகப் பார்த்தார்.

"நீங்க அங்கேயே நில்லுங்க சார்," என்றார் டீச்சர்.

வாசற்படிக்கு வெளியே, ஷூ காலோடு நின்றார். டீச்சர் முதுகைக் காட்டி உட்கார்ந்து மூணாம் பக்கத்தை வாசித்தார். வேறொன்றும் இல்லை, மூணாம் பக்கம் மட்டும். கறாரான மெட்டு வந்தது. பிறகு அந்த வாடிய மெட்டு வந்தது. சோலைமலை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். ஏழு வருஷமாகத் தினம் தினம் காதில் ஓடுகிற மெட்டு. வழக்கம்போலக் கண் நிறைந்துவிட்டது.

கடைசிச் சுரம் அடங்கியதும் டீச்சர் திரும்பினார்.

"இப்ப ஷூவைக் கழட்டிட்டு உள்ள வாங்க."

குனிந்தார். லேஸ் இறுகிப் போயிருந்தது. அவசரத்தில் இழுக்க, முடிச்சு விழுந்துவிட்டது.

"மன்னிச்சுக்குங்க டீச்சர், ஒரு நிமிஷம்."

"மெதுவா அவுங்க சார். எவ்வளவு நேரமானாலும் சரி, நீங்க வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பிப்பேன்."

பஞ்சவர்ணம் திரும்பிப் பார்த்தாள். எழுந்து வந்து உதவ மனசு துடித்தது. ஆனால் டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒரு ஷூ கழன்றது. பிறகு இன்னொன்று. சோலைமலை வெறுங்காலோடு உள்ளே வந்து, காலியாக இருந்த வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்தார்.

டீச்சர் முதல் பக்கத்தைத் திறந்தார்.

கறாரான மெட்டு நிமிர்ந்து நடந்து முடிந்தது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, இரண்டாவது மெட்டு வந்தது. ஆத்தாடி, அது என்ன ஓட்டம்! சோலைமலை போன வாரம் பொத்திப் பொத்தி வாசித்த அதே சுரங்கள்தான். டீச்சர் விரலில் அவை பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி வெளியே வந்தன. பின்னால் ஒரு மூணாம் பக்கம் இருக்கிறது என்ற நினைப்பே அவற்றுக்கு இல்லை. இடது கை, வலது கைக்கு மேலாகத் தாண்டிப் போய் உயரத்தில் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. மறுபடியும் தாண்டியது.

அந்த இடத்தில் பஞ்சவர்ணம் பக்கென்று சிரித்துவிட்டாள்.

சிரித்தவள் பயந்துபோய்ப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் வாசிப்பை நிறுத்தினார்.

"சொல்லுங்கம்மா," என்றார் டீச்சர், திரும்பாமலே.

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"சாருக்குத் தெரியாது. சொல்லுங்க."

பஞ்சவர்ணம் தயங்கினாள். பிறகு, இத்தனை வருஷம் கீழ்வீட்டில் மட்டும் சொன்ன கதையை முதல் தடவையாக அவரிடம் சொன்னாள்.

"அன்னிக்கு அவ தலை நிறைய கனகாம்பரம் வச்சுவிட்டேன். இவ்வளவு வேணாம்மா, வேணாம்மான்னு தலை தலையா அடிச்சுக்கிட்டா. நான் கேட்டாத்தானே! இந்த இடத்துல கையைத் தாண்டிப் போட்டா பாருங்க, மொத்தப் பூவும் சரிஞ்சு கட்டை மேல விழுந்துருச்சு. வேற யாராவதா இருந்தா நிறுத்தியிருப்பாங்க. இவ நிறுத்தல. பூ மேலயே வாசிக்கிறா. சிரிப்பு தாங்கல அவளுக்கு. தோள் குலுங்குது. சத்தமாவே சிரிச்சுட்டா. அப்புறம் எங்க, ஹாலே சிரிச்சுது. டீச்சரும் சிரிச்சாங்க."

"ஆமா," என்றார் டீச்சர். "நானும் சிரிச்சேன்."

"திரும்பி என்னை ஒரு முறை முறைச்சா. 'பாத்தியா, சொன்னேன்ல'ங்கிற மாதிரி."

சொல்லி முடித்துவிட்டு, இனி என்ன நடக்கும் என்று தெரிந்தவள் போலப் பஞ்சவர்ணம் கையைக் கட்டிக்கொண்டாள். இந்நேரம் மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை.

"எத்தனை முழம்?" என்றார் சோலைமலை.

"என்னது?"

"பூ. எத்தனை முழம் வச்சே?"

"நாலு."

"நாலு முழமா! சின்னத் தலை வர்ணம் அவளுக்கு."

"அதைத்தான் அவளும் சொன்னா."

சோலைமலையின் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பாகவும் இருந்தது, கண்ணும் நிறைந்திருந்தது. பஞ்சவர்ணம் அவர் முழங்கையைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவில்லை.

டீச்சர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தில் மெட்டுகள் உடைந்து அலைந்தன. மூணாம் பக்கத்தில் அந்த மெட்டு திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் வாசலில் நின்று கேட்ட அதே பக்கம்தான், ஒரு சுரம் மாறவில்லை. ஆனால் இப்போது அதற்குள் கனகாம்பரம் கிடந்தது. இடது கை தாண்டிப் போகிற இடம் மைனரில் வந்தபோது, பஞ்சவர்ணம் அவர் முழங்கையை இறுக்கிக்கொண்டாள். பாட்டு அடங்கியது.

வெளியே கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப, அவ அழுது வாசிக்கலையா டீச்சர்?"

"அந்த இடம் யார் வாசிச்சாலும் அழும் சார். அப்படித்தான் எழுதியிருக்கு."

"வாசலைப் பார்த்தாளா?"

"பார்த்தா. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பார்த்தா."

டீச்சர் மழுப்பவில்லை. சோலைமலை தலையைக் குனிந்துகொண்டார். வாசலுக்கு வெளியே அவருடைய ஷூ இரண்டும் கிடந்தன. டீச்சர் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"நான் நேரத்துக்கு வந்திருந்தா டீச்சர்?"

எப்சிபா டீச்சர் பியானோவுக்குள் கையை விட்டு அந்தப் பல்பை அணைத்தார். மூடியை மெல்ல இறக்கினார்.

"வந்திருந்தா, முதல் பக்கத்தையும் கேட்டிருப்பீங்க சார். மூணாம் பக்கம் இப்படியேதான் இருந்திருக்கும்."